மாருதி 800-ஐ மின்காராக மாற்றப் போனேன்: மோட்டாருக்கு முன் பார்க்க வேண்டியவை

என்னுடைய 2008-ஆம் ஆண்டு மாருதி 800 காரின் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பொருத்தும் முயற்சியில் 5,44,000 ரூபாயும் ஓராண்டுக்கு மேற்பட்ட காலமும் செலவாயின. வண்டி ஓடியது, எதிர்பார்த்ததைவிட நன்றாகவே ஓடியது. ஆனால் அதைச் சாலையில் ஓட்ட அனுமதி கிடைக்கவில்லை. மோட்டாரைப் பற்றியும் அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும் விளக்கிச் சொல்ல எத்தனையோ பேர் இருந்தார்கள். எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கடைசியில் வாங்க வேண்டும் என்ற வரிசையை மட்டும் யாரும் சொல்லவில்லை. வீட்டிலோ பட்டறையிலோ இப்படியொரு மாற்றத்தைச் செய்ய நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இந்த ஆசை வந்ததே என் சித்தப்பா மகனின் டியாகோ இ.வி.யை ஓட்டியதால்தான். பணி நிமித்தமாகச் சில மாதங்கள் வெளிநாடு போன அண்ணன், வண்டி சும்மா நிற்க வேண்டாம் என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். 24 யூனிட் பேட்டரி, 55 கிலோவாட் மோட்டார், 114 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்று தாளில் படித்தபோது அவை எனக்கு எண்களாகத்தான் தெரிந்தன. கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் பச்சை விளக்கு விழுந்து காலை அழுத்திய நொடியில்தான் அவற்றின் பொருள் புரிந்தது. பெட்ரோல் இன்ஜின் தன் முழு முறுக்குவிசையைத் தருவதற்குச் சுழற்சி வேகம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். மின்மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே அதைத் தந்துவிடுகிறது. கிளட்ச் இல்லை, கியர் மாற்றும் வேலை இல்லை, அதிர்வும் இல்லை. மாலை நெரிசலில் காந்திபுரத்தைத் தாண்டி வீடு சேரும்போது இடது காலில் வழக்கமாக இருக்கும் வலி இல்லை என்பதையே மறுநாள்தான் உணர்ந்தேன். காலை எடுத்தாலே மோட்டார் டைனமோவாக மாறி வண்டியின் வேகத்தைக் குறைத்து, அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவதால், பிரேக்கைத் தொடும் தேவையும் வெகுவாகக் குறைந்தது. ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். குறுகிய தெருக்களில் நடந்து போகிறவர்களுக்கு வண்டி பின்னால் வருவதே தெரிவதில்லை. முதியவர்களும் குழந்தைகளும் இருக்கும் தெருவில் நடை வேகத்தில் செல்வதுதான் முறை.

எவ்வளவு தூரம் ஓடும் என்பதில்தான் புதியவர்களுக்குக் குழப்பம் அதிகம். சோதனைக்கூடச் சுழற்சியில் இந்த வண்டிக்குக் கிடைத்த அளவு 315 கிலோமீட்டர். என் ஓட்டத்தில் ஏறத்தாழ 200 கிடைத்தது. சோதனை முறை வேறு, நம் சாலை வேறு என்பதால் இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நகர நெரிசலில் வண்டி சிக்கனமாகவும், நெடுஞ்சாலையில் வேகம் கூடக்கூடச் செலவு மிகுந்தும் ஓடும். இது பெட்ரோல் வண்டிக்கு நேர்மாறான பழக்கம். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், 100-இல் போகும் வண்டியை 80-க்கு இறக்கினாலே கையிருப்புத் தூரம் கண்ணெதிரே கூடுகிறது. ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்குப் போனபோது, எஞ்சியிருக்கும் தூரம் மளமளவெனக் குறைந்தது கண்டு உடன் வந்த என் மனைவி திகைத்துவிட்டார். உண்மையில் கணக்கு எளிமையானது. ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள வண்டியை ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதற்கும் கிட்டத்தட்ட 0.4 யூனிட் கூடுதலாக வேண்டும். 800 மீட்டர் ஏறினால் 3 யூனிட். இறங்கும்போது அதில் கணிசமான பங்கு திரும்பக் கிடைக்கும். ஆனால் மலையுச்சியில் பேட்டரியை முழுமையாக நிரப்பிக்கொண்டு இறங்கத் தொடங்கினால், திரும்பும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடம் இருக்காது. அந்த வேலையும் சாதாரண பிரேக்கின் மீதே விழும். மலை மேல் தங்குபவர்கள் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு இறங்குவது நல்லது.

வீட்டில் சார்ஜ் செய்யப் போனபோதுதான் முதல் தடை வந்தது. வண்டியோடு வரும் கையடக்க சார்ஜரை கார் நிறுத்தும் இடத்திலிருந்த 16 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது, மின்சாரம் ஏறவில்லை. சார்ஜர் பழுது என்றே நினைத்தேன். எலக்ட்ரீஷியன் வந்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலுள்ள மின்னழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டு, “சார், எர்த்து கம்பி பேருக்குத்தானுங்க இருக்குது, மண்ணோட தொடர்பே இல்லை” என்றார். இத்தனை ஆண்டுகள் அந்த வீட்டில் ஹீட்டரும் சலவை இயந்திரமும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தன என்று நினைத்தபோது உண்மையிலேயே பயம் வந்தது. புதிய எர்த் குழி தோண்டி, தடை 5 ஓமுக்குக் கீழே வந்ததைக் கருவியில் பார்த்த பிறகே அவருக்குப் பணம் கொடுத்தேன். அதோடு மெயின் போர்டிலிருந்து கார் நிற்கும் இடம் வரை 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி லைன், 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., தரமான தொழிற்சாலை ரகச் சாக்கெட் எல்லாம் சேர்ந்து 19,000 ரூபாய் ஆயிற்று. என் மொத்தச் செலவில் சிறிதும் வீணாகாத பணம் இது ஒன்றுதான் என்பேன். தண்ணீர் ஹீட்டர் கால் மணி நேரம் இழுக்கும் மின்னோட்டத்தைக் கார் சார்ஜர் எட்டு மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும் என்பதால், ஹீட்டருக்குப் போதுமான பழைய சாக்கெட் இதற்குப் போதாது. சூடேறிப் பழுப்பு நிறமாகி உருகத் தொடங்கிவிடும். மின்கட்டணத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால், இரண்டு மாதக் கணக்கில் ஏறத்தாழ 250 யூனிட் கூடும். தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல் கீழ்ப்படியில் உள்ள சில யூனிட்டுகளுக்கும் விலை கூடுவதால், ஏற்கெனவே 300, 400 யூனிட் செலவழிக்கும் வீடுகள் அதைக் கணக்கில் சேர்த்தே பெட்ரோலோடு ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டாலும் எனக்கு மின்சாரமே பெரிதும் மலிவாக இருந்தது.

அண்ணன் திரும்பி வந்து வண்டியை எடுத்துச் சென்ற பிறகு என் மாருதியில் ஏறி உட்கார்ந்தால் மனம் ஒப்பவில்லை. அதன் 15 ஆண்டுப் பதிவு முடியும் தறுவாயில் இருந்தது. இன்ஜின் ஆயில் குடித்துப் புகை தள்ளியது. உடலோ துருப்பிடிக்காமல் நன்றாக இருந்தது. 650 கிலோ அளவிலான எடை, 37 குதிரைத்திறன் மட்டுமே தரும் 796 சி.சி. இன்ஜின், எளிய நான்கு கியர் பெட்டி ஆகியவற்றைப் பார்த்தால், 15 கிலோவாட் மோட்டார் ஒன்றே இதைத் தாராளமாக இழுத்துவிடும் என்று தோன்றியது. அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. வெளிமாநிலத்திலிருந்து மாற்றுத் தொகுதிகளை, அதாவது பெட்ரோல் காரை மின்காராக மாற்றும் பாகங்களின் தொகுப்புகளை, விற்கும் ஒரு விற்பனையாளரைத் தொடர்புகொண்டேன். மோட்டார், கன்ட்ரோலர், ஆக்சிலரேட்டர் பெடல் மூன்றும் சேர்த்து 1,85,000 ரூபாய். அரசு ஒப்புதல் உண்டா என்று கேட்டதற்கு, உண்டு என்று சொல்லி ஒரு சோதனை அறிக்கையையும் அனுப்பினார். முத்திரையும் கையொப்பமும் இருந்த அந்த அறிக்கையை நம்பியே முழுப் பணத்தையும் கட்டினேன்.

அது உண்மையில் என்ன அறிக்கை என்பது பின்னால்தான் தெரிந்தது. மோட்டாருக்குள் தூசியும் நீரும் புகாது என்பதற்கான சோதனை அறிக்கை அது. வாகன மாற்றத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை உரிமையாளர் மாற்றுவதைத் தடைசெய்கிறது. மின்சாரத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் ஒப்புதல் பெற்ற தொகுதியையே பொருத்த வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐ.கேட் போன்ற சோதனை நிறுவனங்கள் ஏ.ஐ.எஸ். 123 என்ற தரநிலையின்படி சோதித்துத் தரும் ஒப்புதல் அது. மோட்டாரைத் தனியாகச் சோதித்துத் தருவதல்ல அந்த ஒப்புதல். மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி எல்லாம் சேர்ந்த தொகுதிக்கு, இன்ன வகை வண்டியில் பொருத்தலாம் என்ற வரையறையோடு வருவது. பொருத்துபவரும் அந்தத் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். ஆகவே ஒப்புதல் உண்டா என்று மட்டும் கேட்டால் பயனில்லை. சான்றின் படியை வாங்கி, அதில் உங்கள் வண்டியின் மாடல் இருக்கிறதா, அதில் குறித்த அதே பேட்டரிதான் வருகிறதா, பொருத்தும் பட்டறைக்கு அங்கீகாரக் கடிதம் உண்டா என்று பார்த்து, அவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டுங்கள். எரிபொருள் வகையை ஆர்.சி.யில் மாற்றித் தர முடியும் என்று அவர் சொன்ன பிறகே முன்பணம் கட்டுங்கள்.

மோட்டாரை கியர் பெட்டியோடு இணைக்கும் வேலை, எல்லோரும் அஞ்சும் வேலை, கோயம்புத்தூரில் இருப்பதால் எனக்கு எளிதாகவே முடிந்தது. பம்புசெட்டும் கிரைண்டரும் செய்து தேர்ந்த ஊரில் நல்ல லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. கணபதி பகுதியில் ஒரு பட்டறைக்காரர் இன்ஜின் பக்கத்து முகப்பை அப்படியே அச்செடுத்து, அலுமினியத் தகட்டில் அடாப்டர் பிளேட் கடைந்து, பழைய கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியை வெட்டியெடுத்து மோட்டார் தண்டுக்கான கப்ளிங்காக மாற்றிக் கொடுத்தார். இரண்டு தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் சுழல்கின்றனவா என்பதை டயல் கேஜ் வைத்து அவர் பார்த்த பொறுமையை மறக்க முடியாது. அந்தக் கோட்டில் சிறு விலகல் இருந்தாலும் பேரிங் சில மாதங்களில் போய்விடும். இந்த வேலைக்கு 28,000 ரூபாய். தண்டைக் கழற்றி வைத்துவிட்டு அவர், “ஏனுங்க, இதையெல்லாம் ஆர்.சி.யில எழுதித் தருவாங்களா? அதைக் கேட்டுட்டீங்களா?” என்றார். விற்பனையாளர் அனுப்பிய அறிக்கை கைப்பேசியில் இருந்ததால், இருக்கிறது என்று நம்பிக்கையோடு சொன்னேன்.

பேட்டரியில் பட்ட பாடு வேறு வகையானது. மலிவாக முடிக்க ஈய அமில பேட்டரிகளை வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். 100 ஆம்பியர்-மணி என்று அதன் மேல் எழுதியிருப்பது 20 மணி நேரத்தில் மெல்ல எடுத்தால் கிடைக்கும் அளவு. கார் இழுப்பதுபோல் ஒரு மணி நேரத்தில் எடுத்தால் பாதியளவுதான் தேறும், எடையோ ஒவ்வொன்றும் 30 கிலோ. அதனால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களையே தேர்ந்தேன். 3.2 வோல்ட், 280 ஆம்பியர்-மணி கொண்ட 24 செல்களைத் தொடராக இணைத்தால் 76.8 வோல்ட்டும் 21.5 யூனிட்டும் கிடைக்க வேண்டும். விலை 2,16,000 ரூபாய். புதியவை, முதல் தரம் என்று சொல்லி விற்றார்கள். வந்தவை பளபளப்பாகவும் இருந்தன. ஆயினும் ஐயம் நீங்காததால் நான்கு நான்காக இணைத்து 12 வோல்ட் இன்வெர்ட்டரில் பல்புகளை எரியவிட்டு, ஆம்பியர்-மணியை எண்ணும் மீட்டரை இடையில் வைத்து, முழுமையாக ஏற்றி முழுமையாக இறக்கிச் சோதித்தேன். இரவுகளில் விழித்திருந்து செல் செல்லாக அளந்ததில் 16 செல்கள் ஏற்கத்தக்கவையாகவும் மற்ற எட்டும் 190 ஆம்பியர்-மணியை ஒட்டியும் இருந்தன. அவை ஏற்கெனவே வேறெங்கோ உழைத்துவிட்டு, மேலுறை மாற்றப்பட்டு வந்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை. தொடர் இணைப்பில் மிகப் பலவீனமான செல்தான் மொத்தத்தின் அளவைத் தீர்மானிக்கும் என்பதால், 21.5 யூனிட்டுக்குப் பணம் கொடுத்து 14.6 யூனிட்டைத்தான் வாங்கியிருந்தேன். திருப்பித் தரக் கேட்டபோது, சோதித்த செல்லைத் திரும்பப் பெற மாட்டோம் என்று பதில் வந்தது. அன்று வந்த கோபமும் கையறு நிலையும் இன்னும் ஆறவில்லை. செல் வாங்குபவர்கள், கொள்ளளவுச் சோதனையைத் தாங்கள் நடத்தும் உரிமையையும், குறைந்தால் திரும்பப் பெறும் உறுதியையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அதற்கு ஒப்பாதவரிடம் வாங்க வேண்டாம்.

செல்களைக் காக்கும் பி.எம்.எஸ்., மின்சுற்றை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர், தடித்த கேபிள்கள், ஃபியூஸ், விளக்குக்கும் வைப்பருக்கும் 12 வோல்ட் தரும் மாற்றி, மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் ஆகியவற்றுக்கு 62,000, சார்ஜருக்கு 34,000. இங்கே பாதுகாப்பைப் பற்றிச் சிலவற்றை விரிவாகவே சொல்ல வேண்டும். மோட்டார் 15 கிலோவாட் எடுக்கும்போது கேபிளில் ஏறத்தாழ 195 ஆம்பியர் ஓடும், வேகமெடுக்கும் நொடிகளில் அது இரட்டிப்பாகும். கேபிள் முனைகளைச் சுத்தியலால் தட்டி நசுக்காமல் ஹைட்ராலிக் கருவியால்தான் இறுக்க வேண்டும். வீட்டு எம்.சி.பி.யை இதில் ஒருபோதும் வைக்கக் கூடாது. நேர் மின்னோட்டத்தில் எழும் தீப்பொறியை அதனால் அணைக்க இயலாது, அதற்கென உள்ள டி.சி. ஃபியூஸ் வேண்டும். முழுமையாக ஏறிய 24 செல்களின் மின்னழுத்தம் 87 வோல்ட்டைத் தாண்டும், அது உயிருக்கு ஆபத்தான அளவு. மோதிரம், கைக்கடிகாரம் கழற்றி, கையுறை அணிந்து, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டே இணைக்க வேண்டும். பிரேக் பூஸ்டர் இன்ஜினின் உறிஞ்சு விசையில் இயங்குவது. இன்ஜினை எடுத்தவுடன் அது செயலிழக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எடையையும் முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியாக எடை மேடையில் போட்டுப் பாருங்கள். என் வண்டியில் இன்ஜினும் டேங்கும் சைலன்சரும் கழன்றதில் நூறு கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தது. மோட்டாரும் பேட்டரிகளும் அதைவிடக் கூடுதலாக ஏற்றின. பேட்டரி முழுவதையும் டிக்கியில் வைத்திருந்தால் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரப் பிடிமானம் கெட்டிருக்கும் என்பதால், பாதியை பானெட்டுக்குள் வைத்தேன்.

மூடிக் கிடக்கும் ஒரு பஞ்சாலை வளாகத்துக்குள் அதை ஓட்டிப் பார்த்த காலை நேரம் என் வாழ்வில் மிக மகிழ்ச்சியான நேரங்களில் ஒன்று. கியர் பெட்டி இருந்தாலும் இரண்டாவது கியரிலேயே புறப்பட்டு, வேகம் வந்ததும் மூன்றாவதுக்கு மாற்றினால் போதுமானதாக இருந்தது. நின்றால் முழு அமைதி. நகர்ந்தால் கியர்களின் மெல்லிய ஊளை மட்டும் கேட்டது. டியாகோவின் மென்மை இதில் இல்லை. காலை எடுத்தால் வேகம் திடுமெனக் குறைந்தது, அதைக் கன்ட்ரோலரின் அமைப்பில் பலமுறை மாற்றியே சீராக்க முடிந்தது. குளிர்சாதனமும் இல்லை. ஆனால் கிலோமீட்டருக்கு 100 வாட்-மணி அளவில் ஓடி, என் கணக்கு சரிதான் என்று காட்டியது.

பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகம். அங்கிருந்த ஆய்வாளர் மரியாதையாகவே நடத்தினார். வண்டியைச் சுற்றிப் பார்த்து, வேலை சுத்தமாக இருக்கிறது என்றும் சொன்னார். ஆனால் நான் நீட்டிய அறிக்கையைப் படித்துவிட்டு, இது மாற்றுத் தொகுதிக்கான ஒப்புதல் இல்லை, இதை வைத்து ஆர்.சி.யில் எதுவும் எழுத முடியாது, இன்ஜின் இல்லாமல் பதிவைப் புதுப்பிக்கவும் முடியாது என்று விளக்கினார். சட்டப்படி அவர் சொன்னது சரி. விற்பனையாளரோ, ஒப்புதலுக்கு விண்ணப்பித்திருக்கிறோம், விரைவில் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்து, பின்பு அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார். காப்பீட்டுக்காரர்களிடம் கேட்டபோது, ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருக்கும்வரை மின்மோட்டார் பொருத்திய வண்டிக்கு இழப்பீடு தர இயலாது என்றார்கள். பிறர் மீது மோதி ஒருவர் அடிபட்டால் முழுப் பொறுப்பும் என் தலையில். யாரும் பார்க்க மாட்டார்கள், ஓட்டுங்கள் என்று ஆலோசனை சொன்னவர்கள் உண்டு. அதைக் கேட்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. வீட்டில் என் மனைவி ஒரு வார்த்தையும் குறைசொல்லவில்லை என்பதே அந்த மாதங்களில் என்னைத் தாங்கியது.

முடிவில் பழைய இன்ஜினுக்கு 45,000 ரூபாய் செலவழித்து வேலை பார்த்து மீண்டும் பொருத்தி, பதிவைப் புதுப்பித்தேன். மோட்டாரும் கன்ட்ரோலரும் 70,000 ரூபாய்க்குப் போயின. தேறிய 16 செல்களை 51.2 வோல்ட் தொகுப்பாக்கி வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்திருக்கிறேன்; அவை நன்றாக உழைக்கின்றன. இவ்வளவு தொகைக்குப் பயன்படுத்திய மின்கார் ஒன்றையே வாங்கியிருக்கலாம். இப்போது அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். பேட்டரியின் எஞ்சிய நலத்தைச் சர்வீஸ் மையத்தின் கணினியில் அளந்து எழுத்தில் தருபவரிடம் மட்டுமே வாங்குவேன்.

கையால் ஒன்றை மாற்றிச் செய்து பார்க்கும் ஆர்வம் உள்ளவர்களை நான் தடுக்க மாட்டேன். மிதிவண்டியில் தொடங்குங்கள் என்றே சொல்வேன். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் கொண்டவற்றுக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் விலக்கு அளிக்கின்றன. என் மகளின் சைக்கிளுக்கு சக்கரத்தின் நடுவிலேயே அமையும் 36 வோல்ட் ஹப் மோட்டார் பொருத்தும் வேலையில் இருக்கிறோம். பின்சக்கர ஹப் மோட்டாரின் அச்சு சுழன்று வெளிவராமல் தடுக்கும் டார்க் ஆர்ம் என்ற இரும்புத் துண்டை மட்டும் தொகுதியோடு தரவில்லை. அதை கணபதிப் பட்டறையிலேயே அளவெடுத்துச் செய்யக் கொடுத்திருக்கிறேன்.